பதின்வயதினரிடம் கற்றுக்கொண்டு பதிவுகளுக்கு வரவேற்பைக் கூட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, பயிற்சி வகுப்பு, நூலகம், தொண்டு அமைப்பு என்று ஏதாவது ஒன்றுக்காகச் சமூக ஊடகப் பக்கம் நடத்துபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்பவர்களில் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்தவர்கள். வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகப் போடுவதற்குக் கிடைக்கும் வரவேற்பில் கால்வாசிகூடத் தாங்கள் மெனக்கெட்டுப் போடுவதற்குக் கிடைப்பதில்லை என்பதே எல்லாருடைய புலம்பலும். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

ஈடுபாடு, ஈடுபாடு என்கிறீர்கள். லைக் எண்ணிக்கையைத்தானே சொல்கிறீர்கள்?

லைக் அதில் ஒரு பகுதி, அதுவும் மிக மலிவான பகுதி. பதிவைப் பார்த்தவர் அதற்காக ஏதாவது செய்தால் அது ஈடுபாடு. கமென்ட் எழுதுவது, சேமித்து வைப்பது, இன்னொருவருக்கு அனுப்புவது, வீடியோவைக் கடைசிவரை பார்ப்பது, பெயரைத் தட்டி உங்கள் பக்கத்துக்குள் வருவது எல்லாமே இதில் சேரும். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொஸ்ஸெரி 2025 ஜனவரியில், பதிவுகளை வரிசைப்படுத்துவதில் முக்கியமானவை என்று மூன்றைக் குறிப்பிட்டார்: பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புதல். ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் பதிவு போய்ச் சேர லைக் சற்றுக் கூடுதலாக உதவும். உங்களை அறியாதவர்களிடம் போய்ச் சேர, ஒருவர் மற்றொருவருக்கு அனுப்புவதுதான் கூடுதலாக உதவும் என்றார். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் இதற்குத் திரும்பி வருவோம்.

கணக்கிடும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்களை 8,000 பேர் பின்தொடர்கிறார்கள், ஒரு பதிவு 500 பேர் கண்ணில் பட்டது, அவர்களில் 40 பேர் ஏதாவது செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 0.5 சதவீதம். பார்த்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 8 சதவீதம். முதல் கணக்கைப் பார்த்தால் பக்கத்தையே மூடிவிடத் தோன்றும். இரண்டாவது கணக்கோ, பதிவு நன்றாகத்தான் இருந்தது, பலரிடம் போய்ச் சேரவில்லை என்று காட்டும். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரியும்.

இதைப் போய்ப் பிள்ளைகளிடம் ஏன் கற்க வேண்டும்? அவர்கள் என்ன நிபுணர்களா?

விளம்பரக் கலையில் நிபுணர்கள் இல்லை. ஆனால் பார்வையாளர்களாக அவர்களுக்கு உள்ள பயிற்சி நமக்கு இல்லை. எதைத் தள்ளிவிட வேண்டும், எதில் நிற்க வேண்டும் என்று ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை முடிவெடுப்பவர்கள் அவர்கள். தாம் போடும் எதையும் மறுநாள் நேரில் சந்திக்கப்போகும் நண்பர்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சத்தோடு போடுபவர்களும் அவர்கள்தான். அந்தக் கூச்சமே அவர்களைக் கறாரான ஆசிரியர்களாக்கிவிடுகிறது.

வரலாறும் அவர்கள் பக்கமே நிற்கிறது. ஸ்னாப்சாட் 2011இல் வந்தது, 2013இல் ஒரு நாளில் தானே மறைந்துவிடும் ஸ்டோரி வசதியைக் கொடுத்தது. இளையவர்கள் அதில் குவிந்தார்கள். 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் அதையே தன் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. மியூசிக்கலி என்ற செயலியில் பள்ளிப் பிள்ளைகள் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தபோது பெரியவர்கள் சிரித்தார்கள். 2018 ஆகஸ்டில் அது டிக்டாக்குடன் இணைக்கப்பட்டது. 2020இல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் வந்தன. இன்று தாத்தா பாட்டிகளும் பார்ப்பது அதே செங்குத்துக் குறுவீடியோவைத்தான். பிள்ளைகள் இன்று செய்வதைச் சில ஆண்டுகளில் ஊரே செய்யும் என்று ஒவ்வொரு முறையும் நம்பிவிட முடியாது. ஆனால் கவனிக்காமல் இருப்பதற்கும் காரணம் இல்லை.

என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஐம்பது வயதுக்காரர்கள். எனக்கு இது எதற்கு?

ரசனையைக் கற்கச் சொல்லவில்லை, பழக்கத்தைக் கற்கச் சொல்கிறேன். ஐம்பது வயதுக்காரரின் கட்டைவிரலும் அதே வேகத்தில்தான் திரையைத் தள்ளுகிறது. அவரும் நீளமான முன்னுரையைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறார், பயனுள்ளதைக் கண்டால் சகோதரிக்கு அனுப்புகிறார். பதின்வயதினர் எந்தத் தளத்தில் இருக்கிறார்கள் என்று தேடி நீங்களும் அங்கே ஓட வேண்டியதில்லை. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்கப் பதின்வயதினரில் ஃபேஸ்புக் பயன்படுத்துவோர் 2014-15இல் 71 சதவீதம், 2024இல் 32 சதவீதம். உங்கள் ஆட்கள் ஃபேஸ்புக்கில்தான் இருக்கிறார்கள் என்றால் நீங்களும் அங்கேயே இருங்கள்.

அப்படி என்னதான் வித்தியாசமாகச் செய்கிறார்கள்? பார்த்தால் ஏதோ மங்கலான படங்களாக இருக்கின்றன.

முதல் வித்தியாசம், யாரிடம் பேசுகிறார்கள் என்பது. அவர்களுடைய பதிவு எப்போதும் ஓர் ஆளிடம், அல்லது ஐந்தாறு பேரிடம் பேசுவதுபோல் இருக்கும். பாதியில் தொடங்கிய பேச்சாக இருக்கும். நம்முடைய பதிவோ அறிவிப்புப் பலகை. சைக்கிள் பழுதுபார்ப்பவர் ஒருவர் "எங்களிடம் அனைத்து வகைப் பழுதுபார்ப்புப் பணிகளும் சிறந்த முறையில் செய்து தரப்படும்" என்று எழுதுகிறார். அவரே தன் பட்டறைக்கு வந்தவரிடம் எப்படிப் பேசுவார்? "பிரேக் கீச்சென்று கத்துகிறதா? அதற்காக எண்ணெய் விட்டுவிடாதீர்கள், அப்புறம் பிரேக்கே பிடிக்காது." இரண்டாவதைப் படித்தவர்களில் யாராவது ஒருவருக்குக் கத்துகிற பிரேக் உள்ள நண்பர் இருப்பார். அவருக்கு அனுப்புவார். முதல் வரியை யாருக்கு அனுப்ப முடியும்?

இரண்டாவது, அவர்கள் முழுமையை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. ஒரு நாளின் பத்துப் படங்களை அப்படியே அடுக்கிப் போடுவார்கள். நடுவில் ஒன்று மங்கலாக இருக்கும், ஒன்றில் யாரோ கண்ணை மூடியிருப்பார். நமக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது. பார்ப்பவர்களுக்கு அடுத்த படத்தில் என்ன என்ற ஆவல் வருகிறது. இன்ஸ்டாகிராம் 2017இல் ஒரே பதிவில் பத்துப் படங்களுக்கு இடம் கொடுத்தது, 2024இல் அதை இருபதாக்கியது. இத்தகைய படத்தொகுப்பை ஒருவர் தள்ளிவிட்டுப் போனால், பிறகு அவருக்கே அடுத்த படத்தை முன்னிறுத்தி அது மறுபடி காட்டப்படுவதும் உண்டு. ஒற்றைப் படத்துக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியமானது, பெரியவர்கள் அறவே செய்யாதது. பிள்ளைகள் தங்கள் பதிவுக்குச் செலவிடுவதைவிட மற்றவர் பதிவுகளின் கீழே செலவிடும் நேரம் அதிகம். நண்பர் படம் போட்டால் உடனே போய் எழுதுவார்கள், கிண்டல் செய்வார்கள், அந்தக் கிண்டலுக்குப் பதில் வரும். அவர்களுக்குக் கமென்ட் பகுதிதான் அரங்கம். பதிவு அதற்குத் திரை தூக்கிவிடுகிறது, அவ்வளவே. நாம் பதிவைப் போட்டுவிட்டு வெளியேறிவிடுகிறோம். மறுநாள் வந்து எத்தனை லைக் என்று மட்டும் பார்க்கிறோம்.

"வணக்கம், எங்கள் பக்கத்துக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று வீடியோவைத் தொடங்குவதுதானே மரியாதை?

நேரில் வந்தவருக்கு அது மரியாதை. திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவர் இன்னும் வரவே இல்லை. வணக்கம் சொல்லி, நிறுவனச் சின்னம் சுழன்று, இசை ஓய்வதற்குள் அவர் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார். பிள்ளைகளின் வீடியோக்களைக் கவனியுங்கள். முதல் நொடியிலேயே கை ஏதோ செய்துகொண்டிருக்கும், அல்லது ஒரு வாக்கியம் பாதியிலிருந்து தொடங்கும். யார் பேசுகிறார்கள் என்பது பத்தாவது விநாடியில் தெரியவந்தால் போதும்.

உங்கள் வீடியோ ஒவ்வொன்றுக்கும் எந்த விநாடியில் எத்தனை பேர் விலகினார்கள் என்ற வரைபடத்தைத் தளங்கள் தருகின்றன. அதைத் திறந்து பாருங்கள். கோடு முதல் மூன்று விநாடிகளில் செங்குத்தாக விழுந்தால் குற்றம் தொடக்கத்தில் இருக்கிறது. நடுவில் விழுந்தால் அந்த இடத்தில் நீங்கள் சுற்றி வளைத்திருக்கிறீர்கள். "பார்வைகள்" என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணப்படுகிறது. தள்ளிவிட்டுப் போனவர்களும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

வீடியோ எத்தனை விநாடி இருக்க வேண்டும்?

சொல்ல வேண்டியது முடியும்வரை. ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை இருக்கலாம், ரீல்ஸுக்கும் 2025 ஜனவரியில் அதே எல்லை வந்தது. எல்லை கூடிவிட்டது என்பதற்காக நீட்ட வேண்டியதில்லை. இருபது விநாடிப் பொருளை ஐம்பது விநாடிக்கு இழுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

என்னிடம் நல்ல கேமரா இல்லை. ஒளிப்பதிவாளரை அமர்த்தலாமா?

அமர்த்தினால் விளம்பரப் படம் போல் ஆகிவிடும். விளம்பரம் என்று தெரிந்ததும் விரல் நகர்ந்துவிடும். கைபேசி போதும். செங்குத்தாகப் பிடியுங்கள் (9:16, அதாவது 1080க்கு 1920 புள்ளிகள்). ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். செலவு செய்தே தீருவேன் என்றால் சட்டையில் மாட்டும் சிறு மைக் ஒன்று வாங்குங்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் இரைச்சலான ஒலியைப் பொறுப்பதில்லை.

பேசுவதைத் திரையில் எழுத்தாகவும் போடுங்கள். பிள்ளைகள் இதை வழக்கமாகவே செய்கிறார்கள், ஏனென்றால் அவர்களே பல நேரம் ஒலியை நிறுத்திவைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். எழுத்தைத் திரையின் அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் வைக்காதீர்கள். அங்கேதான் லைக், கமென்ட் பொத்தான்களும் உங்கள் பெயரும் வந்து மறைக்கும்.

ஒவ்வொரு பதிவிலும் "உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்" என்று எழுதுகிறேன். ஒருவரும் எழுதுவதில்லையே?

கருத்து என்றதும் மனிதர்களுக்குத் தேர்வறை நினைவு வந்துவிடுகிறது. யோசித்து, திருத்தமாக, ஒரு பத்தி எழுத வேண்டும்போல் இருக்கிறது. யாருக்குப் பொழுது இருக்கிறது? பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு இரண்டு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். "இதுவா, அதுவா?" "யாராவது ஒருவர் இதைச் செய்ததில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்." "இதில் எது முதலில் கண்ணில் பட்டது?" கேள்வி எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு பதில் வரும். நூலகப் பக்கத்தில் "வாசிப்பின் பயன் என்ன?" என்று கேட்டால் மௌனம்தான். "படித்து முடிக்காமலே முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் புத்தகம் எது?" என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு ஒப்புக்கொள்ளத் தொடங்குவார்கள்.

முதல் கமென்ட்டை நீங்களே எழுதிவிடுவதும் நல்லது. மேலே சொன்ன கேள்விக்கு உங்கள் பதிலைப் போட்டு, அதை மேலே நிறுத்திவையுங்கள். காலியான கமென்ட் பகுதியில் முதல் ஆளாக எழுத எல்லாருக்கும் தயக்கம்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. "அம்மாவைப் பிடிக்கும் என்றால் லைக் போடுங்கள்", "ஐந்து நண்பர்களை டேக் செய்யுங்கள்" என்று கெஞ்சுவது. இத்தகைய தூண்டில் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. பதின்வயதினர் அதற்கு முன்பே அவற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வரும் கமென்ட்டுகளுக்கு "நன்றி" என்று போடுகிறேன். அது போதாதா?

நன்றி என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வந்தவருக்கு மேற்கொண்டு சொல்ல எதுவும் இருக்காது. பதிலின் கடைசியில் ஒரு நூலை விட்டுவையுங்கள்: "நீங்களும் இதைச் செய்து பார்த்தீர்களா, எப்படி வந்தது?" அவர் மறுபடி எழுதுவார், அந்த உரையாடலைப் படித்துவிட்டு மூன்றாமவர் நுழைவார். நேரம் இல்லை என்பவர்களுக்கு என் ஆலோசனை: வாரத்துக்கு ஐந்து பதிவு போடுபவர் மூன்றாகக் குறைத்து, மிச்ச நேரத்தைப் பதில்களில் செலவிடலாம்.

கமென்ட்டில் வரும் நல்ல கேள்விக்கு வீடியோவாகவே பதில் சொல்லும் வசதி டிக்டாக்கிலும் ரீல்ஸிலும் இருக்கிறது. கேள்வி கேட்டவரின் வரி திரையில் தெரியும். பிள்ளைகள் இதை மிகவும் விரும்பிப் பயன்படுத்துவார்கள். அடுத்து என்ன போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அவர்கள் பேசும் சொற்களையும் மீம்களையும் நானும் போட்டால் அவர்களைப் போலவே பரவுமா?

தயவுசெய்து வேண்டாம். அந்தச் சொற்கள் ஒரு குழுவின் அடையாளம். வெளியாள் ஒருவர், அதிலும் ஒரு நிறுவனம், அதைச் சொன்ன நொடியில் அந்தச் சொல் அவர்களுக்குச் செத்துப்போகிறது. உங்கள் காதுக்கு ஒரு மீம் வந்து சேர்ந்துவிட்டது என்றால் அவர்கள் வேறு எங்கோ போய்விட்டார்கள் என்று பொருள். ஐம்பது வயதுக்காரர்களுக்கோ அது முதலிலேயே புரியாது. இரண்டு பக்கமும் நட்டம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது மீமின் எலும்புக்கூட்டை. "எதிர்பார்த்தது, கிடைத்தது", "வெளியில் சொல்வது, மனத்தில் நினைப்பது" போன்ற அமைப்புகள் எந்த வயதுக்கும் பொருந்தும். உள்ளே உங்கள் துறையின் உண்மையைப் போடுங்கள். கணிதம் சொல்லிக்கொடுப்பவருக்கு மாணவர் "புரிந்தது" என்று தலையாட்டுவதற்கும் விடைத்தாளுக்கும் உள்ள தூரம் ஒன்று போதும்.

டிரெண்டில் இருக்கும் பாட்டைச் சேர்த்தால் பரவும் என்கிறார்களே?

சில நேரம் உதவும். ஆனால் தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பாடல்கள் எல்லாம் வணிகக் கணக்குக்குக் கிடைப்பதில்லை. வணிகக் கணக்குகளுக்கென்று உரிமம் பெற்ற தனி இசைத்தொகுப்பைத்தான் டிக்டாக் தருகிறது. இன்ஸ்டாகிராமிலும் கட்டுப்பாடு உண்டு. பிள்ளை போட்டபோது ஓடிய பாட்டு, உங்கள் நிறுவனப் பக்கத்தில் பதிப்புரிமைச் சிக்கலாகி ஒலி நீக்கப்படலாம். டிரெண்டில் சேர்வதா என்பதற்கு என் சோதனை எளிது: பாட்டை எடுத்துவிட்டாலும் வீடியோவில் பார்க்க ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சினால் போடுங்கள்.

நிறைய ஹேஷ்டேக் போடுகிறேன். பிள்ளைகள் ஒன்றுகூடப் போடுவதில்லையே, ஏன்?

தேவைப்படுவதில்லை. ஹேஷ்டேக் பார்வையாளர்களைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுவதில்லை என்று மொஸ்ஸெரியே பலமுறை சொல்லியிருக்கிறார். ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியை இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் நிறுத்தியும்விட்டது.

இளையவர்கள் தேடுபவர்கள். மதிய உணவுக்கு இடம் தேடும்போது இளையோரில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் கூகுள் தேடலுக்கோ வரைபடத்துக்கோ போகாமல் டிக்டாக், இன்ஸ்டாகிராம் பக்கம் போவதாகத் தங்கள் ஆய்வில் தெரிந்ததை 2022இல் கூகுளின் மூத்த நிர்வாகி பிரபாகர் ராகவன் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே மனிதர் தேடும்போது தட்டச்சு செய்யும் சொற்கள் உங்கள் விளக்கவரியில் சாதாரண வாக்கியமாக இருக்கட்டும். "சைக்கிள் பிரேக் சத்தம் ஏன் வருகிறது" என்ற ஒரு வரி, இருபது ஹேஷ்டேக்கின் வேலையைச் செய்யும்.

எத்தனை மணிக்குப் போட வேண்டும்?

உங்கள் பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதி, பின்தொடர்பவர்கள் எப்போது விழித்திருக்கிறார்கள் என்று காட்டும். அதைப் பாருங்கள், மற்றவர் தரும் "பொன்னான நேரம்" பட்டியல்களை விட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், போட்ட பிறகு அரைமணி நேரம் நீங்கள் கையோடு இருக்கிறீர்களா என்பது. பதில் சொல்ல முடியாத நேரத்தில் போட்டால், முன்பு சொன்ன அரங்கத்தில் ஆள் இல்லை.

என் மகனிடம் கேட்டால் "சும்மா போடுங்கள் அப்பா" என்கிறான். எப்படித்தான் கற்பது?

அவனிடம் விளக்கம் கேட்டால் கிடைக்காது. பழக்கமாகிவிட்ட எதையும் விளக்கிச் சொல்வது கடினம். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டாலோ உங்கள் மனம் நோகாமல் "நன்றாக இருக்கிறது" என்பான். கேட்பதை விட்டுவிட்டுக் கவனியுங்கள். உங்கள் ஐந்தாறு பதிவுகளையும் மற்றவர்களுடையதையும் கலந்து காட்டி, எப்போதும்போல் தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் விரலை மட்டும் பாருங்கள். எங்கே நின்றது, எங்கே நிற்காமலே போனது, எங்கே திரும்பி மேலே வந்தது என்பதுதான் பாடம். உங்கள் பெருமைக்குரிய பதிவை அவன் அரை விநாடியில் கடந்துபோவான். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள்.

பிறகு சில கேள்விகள். "இதை யாருக்காவது அனுப்புவாயா? யாருக்கு?" "எந்த இடத்தில் தள்ளத் தோன்றியது?" "இதைப் போட்டது யார் என்று நினைக்கிறாய், எப்படிப்பட்ட ஆள்?" கடைசிக் கேள்விக்கு வரும் பதில் சற்றுச் சுடும். "ஏதோ ஆபீஸ்" என்று பதில் வந்தால் உங்கள் பதிவில் மனிதக் குரல் இல்லை. ஒரே பிள்ளையை நம்பாமல் வேறு வேறு குணமுள்ள இரண்டு மூன்று பேரிடம் இதைச் செய்யுங்கள். ஒருவன் பந்தாட்டம் பார்ப்பவன், ஒருத்தி வரைபவள் என்றால் இருவர் விரலும் ஒரே இடத்தில் நிற்பது அபூர்வம். நின்றால் அது பொன்னான இடம்.

அப்படியானால் பக்கத்தையே ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடலாமா?

யோசனை கேளுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான தளங்களில் கணக்கு வைத்திருக்கக் குறைந்தபட்ச வயது 13. சில நாடுகளில் சட்டம் இன்னும் கடுமை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கியத் தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி விதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் இடத்தின் விதியை முதலில் பாருங்கள்.

விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நிறுவனப் பக்கத்தின் செய்திப்பெட்டியில் வாடிக்கையாளர்களின் முகவரி, கோபம், வசவு எல்லாம் வரும். அதையெல்லாம் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தலையில் கட்டக் கூடாது. வேலை வாங்கினால் ஊதியம் கொடுங்கள், பெற்றோருக்குத் தெரிந்து செய்யுங்கள், அவர்கள் முகம் வீடியோவில் வர வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

என் மகள் வரவேற்பில்லாத படங்களைச் சில நாளில் எடுத்துவிடுகிறாள். நானும் அப்படிச் செய்ய வேண்டுமா?

இதில் அவர்களைப் பின்பற்றாதீர்கள். அவளுக்குப் பக்கம் என்பது தன் முகம். போன மாதத்து முகம் இந்த மாதம் பிடிக்காமல் போகலாம், லைக் குறைந்தால் வலிக்கலாம். லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021 மே மாதம் எல்லாருக்கும் கொடுத்ததற்குப் பின்னால் இத்தகைய வலியும் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் ஓர் ஆவணம். தேடி வருபவர் பழைய பதிவில்தான் பதிலைக் கண்டுபிடிப்பார் (ஹேஷ்டேக் கேள்வியின் பதிலைப் பாருங்கள்). தோற்ற பதிவுகள் இருந்தால்தான் எது தோற்றது என்று ஒப்பிடவும் முடியும்.

பின்தொடர்பவர்கள் முன் பரிசோதனை செய்யக் கூச்சமாக இருந்தால், இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் கொண்டுவந்த சோதனை ரீல்ஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். அது முதலில் உங்களைப் பின்தொடராதவர்களுக்கு மட்டும் காட்டப்படும்.

பிள்ளைகள் பொதுவில் எதையுமே போடுவதில்லை, எல்லாம் தனிச்செய்தியில்தான் நடக்கிறது. அப்புறம் எதைப் பார்த்துக் கற்பது?

நல்ல கேள்வி, இந்தப் பக்கத்திலேயே கடினமானதும் இதுதான். அவர்களுடைய கலகலப்பு பெரும்பாலும் குழு அரட்டைகளுக்கும், நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் தெரியும் ஸ்டோரிகளுக்கும் நகர்ந்துவிட்டது. அந்த நெருங்கிய நண்பர்கள் பட்டியலை இன்ஸ்டாகிராம் 2018 நவம்பரிலேயே கொடுத்துவிட்டது. நாம் அங்கே எட்டிப்பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

ஆனால் அங்கே எது போய்ச் சேர்கிறது என்பதை ஊகிக்க முடியும். அரட்டைக்குள் ஒரு பதிவை அனுப்புபவர், அதைச் சாக்காக வைத்துத் தான் ஏதோ சொல்கிறார்: "இது நீயேதான்", "நான் அன்றைக்கே சொன்னேன் பார்", "நாம் இங்கே போகலாமா", "உனக்குப் பயன்படும்". இந்த நான்கில் ஒன்றையாவது உங்கள் பதிவால் சொல்ல முடியுமா என்று போடுவதற்கு முன் பாருங்கள். முடியாவிட்டால் லைக் வரலாம், பயணம் இருக்காது. முதல் பதிலில் மொஸ்ஸெரி சொன்னதாக நான் எழுதிய கடைசி வரி இதுதான். அனுப்பியவர் எண்ணிக்கையைப் புள்ளிவிவரப் பகுதி காட்டும். லைக் குறைந்து அனுப்புதல் கூடிய பதிவு இருந்தால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள், அதன் அண்ணன் தம்பிகளை உருவாக்குங்கள்.

சண்டை மூட்டும் பதிவு போட்டால் கமென்ட் குவிகிறது. அதுவும் ஈடுபாடுதானே?

எண்ணிக்கையில் ஈடுபாடுதான். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்களுக்கிடையே அர்த்தமுள்ள உரையாடலுக்கு முன்னுரிமை தரப்போவதாகச் சொல்லி, பதிவுகளை வரிசைப்படுத்தும் கணக்கீட்டை மாற்றியது. கமென்ட்டுக்கும் பகிர்வுக்கும் எடை கூடியது. விளைவாகக் கோபத்தைக் கிளறும் பதிவுகளே மேலெழுந்தன என்று நிறுவனத்துக்குள்ளேயே எச்சரிக்கை எழுந்ததை, அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொண்டுவந்த ஆவணங்கள் காட்டின.

பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் சிறிய பக்கத்துக்கு என்ன ஆகும்? சண்டைக்கு வந்த கூட்டம் உங்களிடம் வாங்கவோ கற்கவோ வந்ததில்லை. அடுத்த பதிவு சாதாரணமாக இருந்தால் அந்தக் கூட்டம் அதைத் தள்ளிவிட்டுப் போகும். உங்கள் பதிவுகள் இவர்களுக்குப் பிடிப்பதில்லை என்று தளமும் எடுத்துக்கொள்ளும். சின்னச் சீண்டல் வேறு. "சைக்கிளை வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவுபவர்கள் எங்களுக்கு வேலை கொடுக்கிறார்கள், நன்றி" என்பதற்கு வரும் எதிர்ப்பு கலகலப்பானது, பயனுள்ளது.

நீங்கள் சொன்னதெல்லாம் செய்து ஈடுபாடு ஏறிவிட்டது. வியாபாரம் மட்டும் ஏறவில்லையே?

முதலில் யார் ஈடுபடுகிறார்கள் என்று பாருங்கள். பார்வையாளர்களின் வயது, இடம் இரண்டும் புள்ளிவிவரத்தில் இருக்கும். வாங்க முடியாத தொலைவில் இருப்பவர்களோ, பதின்வயதினரே குவிந்துவிட்டார்களோ என்றால், பழக்கத்தோடு ரசனையையும் சேர்த்து இறக்குமதி செய்துவிட்டீர்கள். ஐம்பது வயதுக்காரர் பற்றிய கேள்விக்குச் சொன்னதை மறுபடி படியுங்கள்.

சரியான ஆட்கள்தான் வருகிறார்கள் என்றால் கோளாறு பெரும்பாலும் பதிவுகளில் இல்லை, அதற்கு அடுத்த படியில் இருக்கும். பதிவு பிடித்துப்போய் உங்கள் பெயரைத் தட்டியவர் என்ன பார்க்கிறார்? நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரே வரியில் இருக்கிறதா? விலையோ, விலை கேட்கும் வழியோ இருக்கிறதா? அங்கே உள்ள இணைப்பு திறக்கிறதா? "விலை என்ன?" என்று கமென்ட்டில் கேட்டவருக்கு "தனிச்செய்தியில் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அங்கே இரண்டு நாள் கழித்துப் பதில் தருகிறீர்களா? இவற்றைச் சரிசெய்யும்வரை புதிய வீடியோ எடுப்பதை நிறுத்திவைக்கலாம்.